வைக்கோல் அடைத்த விளாம்பழம்

பாஞ்சாலி தன் ஒரே மகன் ரகுபதியோடு பேச்சை நிறுத்தி ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் பிறந்துவிட்டது. ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய். அடுப்பு மட்டும் இரண்டு. மருமகள் அமலா உள்ளே சமைத்தாள். பாஞ்சாலி பின்பக்கம் தகரம் இறக்கிய இடத்தில், வாடகை அறையில் தங்கும் கம்பெனிப் பையன்கள் வைத்துக்கொள்வார்களே அந்த மாதிரி ஒரு சின்ன சிலிண்டரை வைத்துக்கொண்டு, ரேஷன் அரிசியைத் தனக்கு மட்டும் வடித்துக்கொண்டாள். மகன் சம்பாத்தியத்தில் ஒரு பருக்கை தன் தொண்டையில் இறங்கக் கூடாதாம். இந்த வயதில் இவ்வளவு வீம்பா என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆடிமாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, ஊரே குண்டானோடு நிற்கையில், பங்காளி கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமா, நீங்க சாட்சி. நான் செத்தா என் கொள்ளிய இவன் தொடக் கூடாது. இவன் தொட்டா நான் வேக மாட்டேன்."

ரகுபதி கையில் கூழோடு நின்றான். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கத் தகாதவன் என்று ஒருவனை ஊர் நடுவில் சொல்லிவிட்டால் அப்புறம் அவன் எந்த முகத்தோடு டீக்கடைக்குப் போவான்? அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமும் இல்லை, ஷிப்டில் கவனமும் இல்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அவனுக்கு மூத்தவள் சசிகலா. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த புதிதில் இந்த ஊரிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய முதல் பெண். அவள் சம்பளத்தில்தான் தம்பி ஐ.டி.ஐ. படித்தான், தம்பிக்குக் கல்யாணமும் நடந்தது. அவளுக்கு ஒரு வரன் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தைந்து தாண்டியபோது, கூட லைனில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்து கோமதிநாயகத்தை அவளே ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். அவன் வேறு சாதி. ரகுபதி மறுநாளே ஏரியில் இறங்கித் தலைமுழுகி, மொட்டை அடித்து, கன்னியப்பன் முன்னின்று நடத்த, உயிரோடிருக்கிற அக்காவுக்குக் காரியம் பண்ணி ஊருக்கெல்லாம் சோறு போட்டான். ஊரும் வெட்கமில்லாமல் இலை போட்டுத் தின்றுவிட்டுப் போனது.

அதையும் பாஞ்சாலி பொறுத்துக்கொண்டாள். போன ஆனியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சசிகலா கஞ்சி கொண்டுவந்தாள். வார்டு வாசலிலேயே ரகுபதி மறித்தான். வாய்ப்பேச்சு முற்றி, அந்தக் கஞ்சித் தூக்கைக் காலால் எட்டி உதைத்தான். படிக்கட்டில் உருண்டு போன தூக்கை அக்கா குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனதைக் கட்டிலில் படுத்தபடி அம்மா பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அக்காவைக் கூப்பிட்டுவந்து நிறுத்தினால் அம்மா பேசிவிடுவாள். அது ரகுபதிக்கும் தெரியும். ஆனால் அது ஒன்றைத் தவிர வேறு எதையும் செய்யத் தயாராக இருந்தான். புதுப் புடவை எடுத்து வைத்தான், அது பிரிக்காமலே கிடந்தது. திருத்தணிக்குக் காரில் கூட்டிப் போகிறேன் என்று அமலா மூலம் சொல்லி அனுப்பினான். பதில் இல்லை.

விநாயகர் சதுர்த்திக்கு விளாம்பழம் வாங்கப் போனபோதுதான் அந்த யோசனை வந்தது. சின்ன வயதில் அம்மா செங்கல் சூளையில் கல் சுமந்துவிட்டுச் சாயங்காலம் வருவாள். முகம் கழுவிய கையோடு, சுடச்சுடச் சுட்ட விளாம்பழம் ஒன்றை அம்மிக்கல்லில் தட்டி உடைத்து அவன் கையில் வைப்பாள். உள்ளே வெல்லமும் பழமும் உருகிச் சேர்ந்து அல்வா மாதிரி கறுத்திருக்கும். புகை வாசமும் புளிப்பும் தித்திப்பும், நடுவே எங்கோ ஒரு கல் உப்பும் நாக்கில் தட்டும். அதைச் செய்து அம்மா முன்னால் வைத்தால் பெற்ற மனசு இளகாமல் போய்விடுமா? அப்படித்தான் கணக்குப் போட்டான்.

முதல் பழம் கேஸ் அடுப்பிலேயே ஓடு பிளந்து வெல்லம் பர்னரில் ஒழுகியது.

"இன்னா நாத்தம் இது? சமையக்கட்டா, சூளையா?" என்று அமலா வந்தாள்.

"கொஞ்சம் வாய மூடிகினு இரு. எங்கம்மா சுட்டுக் குடுக்கும் பாரு, அந்த ருசி இன்னும் நாக்குலயே கீது. நீயுந்தான் இத்தினி வருசமா சமைக்கிற."

"நாக்குல கீற ருசிய நாக்குலயே வெச்சிக்க. அடுப்பு மேல எதுக்கு ஊத்துற? உங்கம்மா பின்னாடிதானே உக்காந்துகினு கீது? எப்டி சுடணும்னு அதயே கேளேன்."

"என்னாண்டதான் அது பேசாதே."

"பெத்த தாயாண்ட பேச ஒரு ஆளு வெச்சிகினு சுத்துற. வெளங்கிடும்." அமலா பின்பக்கம் போய்விட்டு உடனே திரும்பினாள். "எனுக்குத் தெரியாதுன்னு சொல்லுது."

"தெரியாதா? அத்தினி வருசம் சுட்டுப் போட்டது தெரியாதா? கொழுப்பு! நான் கேக்கறேன்னு தெரிஞ்சி சொல்லுது."

அடுத்து தெருவில் கரி கொட்டிப் பார்த்தான். ஒருபக்கம் தீய்ந்து மறுபக்கம் பச்சையாய் நின்றது. சீரான சூடு வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. சீரான சூட்டுக்கு ரகுபதி எங்கே போவான்? அவன் வேலை பார்ப்பதே பெயிண்ட் ஷாப்பில், ஓவன் பக்கத்தில். வண்டிகளுக்குப் போகிற பிராக்கெட்டுகளுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, கொக்கிகளில் மாட்டிவிட்டால் அவை வரிசையாக நகர்ந்து ஓவனுக்குள் போய் வெந்து மறுபுறம் வரும். எந்தப் பக்கமும் ஒரே சூடு. பதிமூன்று வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு உலகத்தில் எதையும் அந்த ஓவனில் சுட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது. கெட்ட காலம் வந்தால் புத்தியும் கூடவே கிளம்பிவிடும்.

காலை ஷிப்டில், இரண்டு பழங்களைக் காம்புப் பக்கம் துளையிட்டு, உள்ளே வெல்லத்தை இடித்துப் போட்டுக் கிளறி, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்று பெயிண்ட் ஷாப் மாஸ்கிங் டேப்பால் துளையைச் சுற்றிச் சுற்றி அடைத்தான். வேலையில் அவன் கெட்டிக்காரன். அவன் ஒட்டிய டேப்பில் காற்றுகூட நுழையாது. பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் கம்பி போட்டு மாட்டி அனுப்பிவிட்டு, சாமி கும்பிடுவதுபோல் நின்றான்.

ஓவனுக்குள் முதல் வெடி கேட்டபோது யாரோ டயர் வெடித்தது என்றார்கள். இரண்டாவதற்கு லைனை நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்த அத்தனை பிராக்கெட்டிலும் பழுப்பாய், கொழகொழவென்று, கொட்டையும் சதையுமாய் அப்பியிருந்தது. பெயிண்ட் ஷாப் முழுக்க வெல்லப்பாகு வாசனை. சூப்பர்வைசர் வசந்தகுமார் ஓடி வந்தான். ரகுபதியைவிட வயதில் சின்னவன்.

"யாரு பண்ணது இது? ரகுண்ணே, இன்னாண்ணே வெச்சீங்க உள்ள?"

"விளாம்பழம்."

"எது?"

"விளாம்பழம் சார். எங்கம்மாவுக்கு."

"உங்கம்மாவுக்கு வூட்ல அடுப்பு இல்லியா?"

"கீது. அது தனி அடுப்பு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வசந்தகுமார் சிரிக்கவில்லை. "மொத்த பேட்ச்சும் ரிஜெக்ட். ஓவன் கிளீன் பண்ண லைன் நிக்குது. நாளைக்கு கஸ்டமர் வந்து நின்னா நான் இன்னா சொல்லுவேன், விளாம்பழம் வெடிச்சிடுச்சின்னா? ஐடி கார்டக் குடுங்க. என்கொயரி முடியற வரைக்கும் உள்ள வராதீங்க. போங்கண்ணே, நிக்காதீங்க என் மூஞ்சி முன்னாடி."

ஷிப்டு நடுவில் கம்பெனி பஸ் கிடையாது. ஒரகடம் கூட்டுரோடு வரை வெயிலில் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தான். யூனிபார்மெல்லாம் வெல்லம் காய்ந்து ஈ மொய்த்தது. விஷயத்தைக் கேட்டதும் அமலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேலையும் போச்சா? ஒரு பழத்துக்காகவா? யோவ், ஊர்ல எவனாவது செய்வானாய்யா இத? எங்கப்பன் கண்ண மூடிகினு உனுக்குக் கட்டிக் குடுத்தானே!"

"எனுக்காகவா செஞ்சேன்? அதோ உக்காந்துகினு கீதே, அதுக்காக!" ரகுபதி பின்பக்கம் போய் நின்று கத்தினான். "நல்லா கேட்டுக்க. உனுக்காவத்தான் வேல போச்சு. இப்ப குளுந்துச்சா மனசு? அந்தப் பழம் எப்டி சுடறதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா? அதுக்குக்கூட வாய் வரல!"

பாஞ்சாலி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. மகன் சட்டையில் காய்ந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"வாய அடைச்சி வெச்சியா?"

இத்தனை நாளைக்கப்புறம் அம்மா அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"டேப்பு போட்டு அடைச்சேன்."

"அதான் வெடிச்சிது. வைக்கோல் திணிச்சி வெக்கணும். ஆவி அது வழியா போவும், வெல்லம் போவாது."

"அப்ப தெரியும்தானே உனுக்கு? தெரியாதுன்னு சொல்லி அனுப்பின!"

"அவ செய்யறதப் பார்த்திருக்கேன். நான் செஞ்சதில்ல."

"எவ?"

"எவளா? பொழுது விடிஞ்சி பொழுது போனா நான் சூளைல கீறேன். கல்லு சொமந்த கை, ராத்திரிக்கு சோறு பெசையக்கூட வராது. நான் எப்படா பழம் சுட்டேன்? நாலாவது படிக்கிற பொண்ணு, சோத்தயும் ஆக்கி, அடுப்பு நெருப்புல பழத்தயும் பொதச்சி வெச்சிகினு வாசல்ல உக்காந்துகினு இருப்பா."

"நீதாம்மா குடுப்ப. உன் கையாலதான் வாங்குவேன். எனுக்கு நல்லா ஞாபகம் கீது."

"ஒடச்சிக் குடுத்தது நானு. சுட்டது உங்கக்கா. 'நீயே குடும்மா, உன் கையால குடுத்தா அவன் நல்லா துன்னுவான்'னு என் கைல வெப்பா. அவ துன்னாளா இல்லியான்னு நானும் கேட்டதில்ல, நீயும் கேட்டதில்ல. போ. சுட்டவளுக்குக் காரியம் பண்ணிட்டு, பழம் வோணுமாம் பழம்."

முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. இத்தனை வருஷம் ரகுபதி அம்மாவின் ருசி என்று நாக்கில் வைத்துக் கொண்டாடிய ஒன்று, அவன் மொட்டை அடித்து ஏரியில் விட்டுவந்தவளுடையது. வெட்கமாகவும் இருந்தது, கோபமும் குறையவில்லை. யார்மேல் கோபம் என்பதுதான் பிடிபடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, மீதிப் பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் சசிகலா குடியிருந்தது வரிசை வரிசையாய்க் கட்டிவிட்ட அறைகளில் ஒன்று. கம்பெனிகளில் கழித்துப் போட்ட, சரக்கு அடுக்கும் பேலட் கட்டைகளை அங்கே விறகாக வாங்கி அடுக்கியிருந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து வெந்நீர் அடுப்புக்குக் கட்டை பிளந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவனை நேராகப் பார்த்தாள்.

"யாரு?"

"நாந்தான்."

"நான்னா?"

"ரகு."

"அப்டி யாரயும் எனுக்குத் தெரியாதே. ஒரு தம்பி இருந்தான். என்னை எரிச்சிட்டுப் போனவன் இந்தப் பக்கம் வரல."

சத்தம் கேட்டுக் கோமதிநாயகம் வெளியே வந்தான். "அட, மாப்ளயா? வெயில்ல ஏன் நிக்கிய? உள்ள வாங்க, ஒரு வா தண்ணி குடிங்க."

"நீங்க சும்மா இருங்க. செத்தவ வூட்டுக்குள்ள அவன் வரக் கூடாது. தீட்டு."

"ஏட்டி, வீடு தேடி வந்த மனுசன்கிட்ட இப்படியா பேசுதது?"

"நான் பேசல. அவன்தான் பேசணும். இன்னாத்துக்கு வந்தான்னு கேளுங்க."

ரகுபதி பையை நீட்டினான். "பழம் சுட்டுக் குடு. அம்மாவுக்கு."

"அம்மா கேட்டுதா?"

"இல்ல. நீதான் சுடுவன்னு இன்னிக்குத்தான் சொல்லுச்சி. எனுக்குத் தெரியாது."

சசிகலா பையைப் பிடுங்கிப் பழங்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள். ஒன்று துள்ளி உருண்டது. "இது காய். துள்ளாததுதான் பழம். இதுகூடத் தெரியாம சுட வந்துட்டான்." தங்கின பழத்தில் ஒன்றை எடுத்து, கொடுவாள் முனையால் காம்பைப் பெயர்த்தாள். வெல்லத்தைப் பொடித்துப் போட்டு, ஒரு கல் உப்பும் சுக்கும் போட்டு, ஈர்க்குச்சியால் உள்ளே கிளறினாள். கோமதிநாயகம் பால்காரம்மா கொட்டகைக்குப் போய் ஒரு பிடி வைக்கோல் கொண்டுவந்தான். அதை முறுக்கித் துளையில் திணித்து, தணல் நேராகப் படாமல் அந்த அடுப்புச் சாம்பலுக்குள் பழத்தைப் புதைத்தாள். தீயைத் தூண்டவும் இல்லை, ஊதவும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா நல்லா கீதா?"

"கீது."

"கொள்ளி வெக்கக் கூடாதுன்னு சொல்லிச்சாமே. கேள்விப்பட்டேன். அதான் பழத்தத் தூக்கிகினு ஓடியாந்தியா?"

அவன் சாம்பலையே பார்த்தான். உண்மைக்குப் பேச்சு எதற்கு?

"வூட்டுக்கு வா. வந்து அம்மாவப் பாரு. நான் தடுக்கல," என்றான் கடைசியில்.

"நீ தடுக்கல! பெரிய மனசு! டேய், ஊருக்கே சோறு போட்ட. என் காரியச் சோறு. பந்தியில உக்காந்து துன்னவங்க அத்தினி பேரும் அந்தத் தெருவுலதான் கீறாங்க. செத்தவ எப்டிடா நடந்து வருவா அந்தத் தெருவுல? அவங்களையே கூப்ட்டு இன்னொரு சோறு போடு. எங்கக்கா உயிரோட கீறான்னு உன் வாயால சொல்லிப் பரிமாறு. அன்னிக்கு வரேன்."

"ஊரு சிரிக்காதா?"

"அன்னிக்கு அழுதுதா?"

வைக்கோல் முனை கறுத்து, அதிலிருந்து மெல்லிய ஆவி வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோது ரகுபதி தன்னையறியாமல் அடுப்புப் பக்கம் குனிந்தான். அவள் பழத்தைச் சாம்பலிலிருந்து உருட்டி எடுத்து, வாழை இலையில் சுற்றி, அவன் கையில் தராமல் வண்டி சீட்டின் மேல் வைத்தாள். "அம்மாவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். சோறு போட வேண்டுமாம், சோறு! என்ன திமிர். வீடு வந்தபோது பழம் இன்னும் சூடாக இருந்தது. அம்மா முன்னால் வைத்தான். பாஞ்சாலி இலையைப் பிரித்து, வைக்கோல் முனையைப் பார்த்தாள். அம்மிக்கல்லில் ஒரே தட்டு. ஓடு இரண்டாய் விண்டது.

"அவதான்" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து விரலால் எடுத்துத் தின்றாள். ரகுபதி நாற்பது வயது ஆள், சின்னப் பிள்ளை போல எதிரே நின்றான். ஒரு பாதியை நீட்டுவாள் என்று நினைத்தான். கை தானாகவே கொஞ்சம் முன்னால் வந்தது. அவள் ஒரு பாதியைத் தின்று முடித்தாள். மறு பாதியையும் எடுத்தாள். ஓட்டில் ஒட்டியதையும் நகத்தால் சுரண்டி வழித்தாள். அவனுக்கு ஒரு துளி வரவில்லை.

"சுட்டவள வாசல்ல வுட்டுட்டு, பழத்த மட்டும் உள்ள எடுத்தாந்தியாடா?"

"கூப்ட்டேன். வரலன்னுட்டா. ஊருக்குச் சோறு போடணுமாம்."

"அவ கேட்டதுல இன்னா தப்பு?"

"போட்டா கொள்ளி வெக்க வுடுவியா?"

பாஞ்சாலி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "பேரம் பேசறான் பாரு, பெத்தவளாண்ட. கொள்ளி அவளுது. நான் முடிவு பண்ணிட்டேன். பொம்பள வெக்கக் கூடாதுன்னு எவனாவது வந்தான்னா அவனுக்கு மொதல்ல கொள்ளி வெச்சிட்டு அப்புறம் எனுக்கு வெக்கட்டும். நீ வா. ஊரு ஜனத்தோட வரிசைல நின்னு வாய்க்கரிசி போடு. அத யாரும் தடுக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். அவள் தன் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ரகுபதி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அமலா வாசலில் நின்று பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டாமல் போய்விட்டாள். சோறு போட்டாலும் கொள்ளி இல்லை, போடாவிட்டாலும் இல்லை. இனி அவனுக்கு ஆக வேண்டியது எதுவும் அதில் கிடையாது. அது தெளிவானதும் ஏனோ அழுகை நின்றது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சாயங்காலம் தூறல் போட்டது. ரகுபதி கன்னியப்பன் வீட்டுக் கதவைத் தட்டினான். கிழவர் துண்டோடு வெளியே வந்தார்.

"இன்னாடா, வேலய வுட்டுத் தூக்கிட்டாங்களாமே?"

"பெரிப்பா, ஞாயித்துக்கெழம நம்ம வூட்ல சாப்பாடு. நீங்க வரணும்."

"இன்னா விசேசம்? இந்த நேரத்துல?"

"எங்கக்கா சாவல. உயிரோட கீது. அதுக்கு ஒரு சோறு."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியம் புடிச்சிடுச்சாடா உனுக்கு? இப்டி ஒரு சோறு எந்த ஊர்ல உண்டு? நானே முன்ன நின்னு நடத்தின காரியம்டா அது. இப்ப வந்து இல்லன்றியா? என் மூஞ்சில கரியப் பூசறியா? இந்தப் பந்தியில எவன் உக்காருவான்?"

"அந்தப் பந்தியில உக்காந்தீங்களே பெரிப்பா. அதே ஆளுங்கதான்."

"போடா நாயே" என்று கதவை அறைந்து சாத்தினார்.

ரகுபதி முகத்து மழைநீரை வழித்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.